மாமா கொண்டுவந்த சீன மருந்தும் அம்மாவின் ரிப்போர்ட்டும்

முக்கூடல் பக்கத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அம்மாவுக்கு 57 வயது. போன வருடம் மார்பில் புற்றுக் கட்டி வந்து ஆபரேஷன், கீமோ, கரண்டு (கதிர் சிகிச்சை) எல்லாம் முடிந்தது. இப்போது எட்டு மாதமாகத் தினம் ஒரு லெட்ரோசோல் மாத்திரை. அதைப் போட ஆரம்பித்ததிலிருந்து காலையில் விரல் மடங்குவதில்லை, பீடி சுற்ற முடியவில்லை, ராத்திரி உடம்பு திகுதிகுவென்று எரிகிறது. சிங்கப்பூரிலிருந்து லீவில் வந்த மாமா, அங்கே சீன மருந்துக் கடையில் வாங்கிய ஒரு பாட்டிலைக் கொடுத்து, "பொம்பளைகளுக்கு ரொம்ப நல்லதுக்கா, ரத்தம் ஊறும், கர்ப்பப்பைக்குப் பலம், புத்தையும் கரைச்சிரும்" என்று சொல்லியிருக்கிறார். லேபிளில் டாங் குவாய், ஜின்செங், அதிமதுர வேர் என்று போட்டிருக்கிறதாம். மாத்திரையை நிறுத்திவிட்டு இதைச் சாப்பிடலாமா, இல்லை இரண்டையும் சேர்த்துச் சாப்பிடலாமா என்பது கேள்வி. கடைசியில் ஒரு வரி: "ரிப்போர்ட்டில் இ.ஆர். 8/8, பி.ஆர். 6/8, ஹெர்-2 1+ என்று இருக்கிறது. அதற்கும் இதற்கும் ஏதாவது சம்பந்தம் உண்டா?"

தம்பி, மாத்திரையை நிறுத்தக் கூடாது. பாட்டிலைத் திறக்கவும் வேண்டாம். ஆனால் அந்த விரல் வலியைச் சும்மா விடக் கூடாது. இவ்வளவுதான் பதில். காரணம் வேண்டுமென்றால் உங்கள் கடைசி வரியிலிருந்துதான் தொடங்க வேண்டும். கேட்டதிலேயே சரியான கேள்வி அதுதான்.

நான் பாளையங்கோட்டையில் முப்பது வருடம் மைக்ராஸ்கோப் முன்னால் உட்கார்ந்து இந்த ஸ்லைடுகளைப் பார்த்தவள். மருந்து எழுதும் டாக்டர் இல்லை, கட்டி என்ன ரகம் என்று எழுதிக் கொடுக்கிற ஆள். மெழுகில் பதித்த சதைத் துண்டைத் தலைமுடியைவிட மெல்லியதாகச் சீவி, கண்ணாடியில் ஒட்டி, இ.ஆர். என்கிற ஈஸ்ட்ரோஜன் ஏற்பியை, அதாவது ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் செல்லில் வந்து ஒட்டுகிற இடத்தை, மட்டும் தேடிப் பிடிக்கிற ஒரு எதிர்ப்பொருளை அதன் மேல் விட்டுச் சாயம் ஏற்றுவோம். ஏற்பி இல்லாத செல்லின் கரு வெளிறிய நீலமாக நிற்கும். ஏற்பி இருந்தால் பழுப்பாகிவிடும். 8/8 என்று எழுதுகிற ஸ்லைடில் கண் வைத்தால், நீல விரிப்பில் யாரோ கருப்பட்டித் தூளை அள்ளித் தூவினதுபோல் இருக்கும். எத்தனை செல் நிறம் பிடித்தது என்பதற்கு 5 மார்க், எவ்வளவு அழுத்தமாகப் பிடித்தது என்பதற்கு 3 மார்க். உங்கள் அம்மா இரண்டிலும் முழு மார்க். பி.ஆர். என்பது புரோஜெஸ்டிரோன் ஏற்பி. அதுவும் இருப்பது நல்ல சேதி. ஈஸ்ட்ரோஜனின் வேலை அந்த செல்லுக்குள் ஒழுங்காக நடக்கிறது, அதைத் தடுத்தால் பலன் இருக்கும் என்பதற்கு அது ஒரு சாட்சி. ஹெர்-2 என்பது செல்லின் மேல்பரப்பில் இருக்கிற வேறொரு புரதம். அது 1+ என்றால் நெகட்டிவ் கணக்கு. 2+ வந்தால்தான் ஃபிஷ் என்ற இன்னொரு சோதனை செய்து முடிவு கட்ட வேண்டும், 3+ என்றால் பாசிட்டிவ். நூறு செல்லில் ஒன்று பழுப்பானாலே இ.ஆர். பாசிட்டிவ் என்றுதான் எழுதுவோம். ஒன்றிலிருந்து பத்து வரை இருந்தால் 'குறைந்த பாசிட்டிவ்' என்று தனியாகக் குறிப்போம்.

இந்தப் பழுப்பு நிறத்தை நம்பித்தான் ஐந்து வருட, பத்து வருட மாத்திரை. அதனால் ஒரு விஷயத்தைச் சொல்லாமல் தாண்ட மனசில்லை. வெட்டி எடுத்த சதை ஒரு மணி நேரத்துக்குள் ஃபார்மலினில் விழ வேண்டும். ஆறு மணி நேரத்துக்குக் குறையாமல், 72 மணி நேரத்துக்கு மேற்படாமல் அதில் ஊற வேண்டும். ஒரு தடவை ஒரு சின்ன நர்சிங் ஹோமில் கட்டியை எடுத்து, ஊறுகாய் பாட்டிலில் சலைன் ஊற்றி, அதில் போட்டு, மஞ்சள் பையில் வைத்து மகன் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அந்தப் பையன் சித்திரை வெயிலில் இரண்டு பஸ் மாறி வந்து சேரும்போது சாயங்காலம். ஸ்லைடு முழுக்க நீலம். நெகட்டிவ் என்று எழுதக் கை போகவில்லை. காரணம், கட்டிக்குப் பக்கத்திலிருந்த நோயில்லாத பால் சுரப்பிகளும் சுத்தமாக நீலமாக இருந்தன. அவற்றில் அங்கொன்று இங்கொன்றாவது பழுப்பு இருந்தே ஆக வேண்டும். சதை கெட்டுப்போயிருக்கிறது, மறுபடி சாம்பிள் வேண்டும் என்று எழுதி அனுப்பினேன். அடுத்த ஆபரேஷனில் எடுத்ததை ஒழுங்காக ஃபார்மலினில் அனுப்பினார்கள், 7/8 வந்தது. நான் பாட்டுக்கு நெகட்டிவ் எழுதியிருந்தால் அந்த அம்மாவுக்கு மாத்திரையே கிடைத்திருக்காது. உங்கள் ரிப்போர்ட்டில் இந்தச் சந்தேகத்துக்கு இடமில்லை. 8/8 தவறுதலாக வருகிற சங்கதி அல்ல. ஆனால் நெகட்டிவ் ரிப்போர்ட்டோடு இதைப் படிக்கிறவர்கள், சாம்பிள் எப்படி அனுப்பப்பட்டது என்று ஒரு வார்த்தை கேட்டு வைப்பது நல்லது.

சரி, ஏற்பி இருந்தால் என்ன ஆகும்? உங்கள் ஊரில் வயலைக் காட்டியே சொல்லலாம். வயல் புற்று செல் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஈஸ்ட்ரோஜன் தண்ணீர். ஏற்பி, தண்ணீர் உள்ளே நுழைகிற வாமடை. தண்ணீர் வந்தால்தான் பயிர் வளரும். இதை நிறுத்த இரண்டு வழி. வயலுக்குப் போய் வாமடையில் மண்ணை வெட்டிப் போட்டு அடைக்கலாம். டாமாக்சிஃபென் என்ற மாத்திரை செய்வது அது. தண்ணீர் வெளியே ஓடினாலும் உள்ளே போகாது. இன்னொரு வழி, கன்னடியன் கால்வாயின் தலைமடையிலேயே பலகையைப் போட்டுவிடுவது. உங்கள் அம்மாவின் லெட்ரோசோல் செய்வது அதுதான். மாதவிலக்கு நின்ற பெண்களுக்குச் சூலகத்திலிருந்து ஈஸ்ட்ரோஜன் வருவதில்லை. கொழுப்பிலும் மற்றத் திசுக்களிலும் அரோமடேஸ் என்ற நொதி கொஞ்சம் கொஞ்சமாகச் செய்துகொண்டிருக்கும். அந்த நொதியை லெட்ரோசோல் கட்டிப்போட்டுவிடும். ரத்தத்தில் ஈஸ்ட்ரோஜன் ஏறத்தாழ வற்றிவிடும்.

இப்போது கவனியுங்கள். தலைமடையை அடைத்தாயிற்று, ஆனால் வயலின் வாமடை திறந்தேதான் கிடக்கிறது. பக்கத்துக் கிணற்றில் மோட்டார் போட்டு ஒருவர் தண்ணீர் விட்டால் தலைமடைப் பலகை என்ன செய்யும்? வெளியிலிருந்து வருகிற ஈஸ்ட்ரோஜனை, அல்லது ஈஸ்ட்ரோஜன் மாதிரி வேலை செய்கிற எதையும், லெட்ரோசோல் தடுக்காது. அதன் வேலை உள்ளே தயாராவதை நிறுத்துவது மட்டும். ஆகவே உங்கள் அம்மா விழுங்குகிற ஒவ்வொன்றைப் பற்றியும் கேட்க வேண்டியது, இது மூலிகையா ரசாயனமா, சீனாவுடையதா நம்மூருடையதா என்பதல்ல. இது வாமடை வழியாகப் போகுமா போகாதா, அவ்வளவுதான்.

அப்படிப் பார்த்தால் அந்தப் பாட்டிலின் பெருமையே அதன் மேல் சந்தேகம் வரக் காரணம். 'பெண்களுக்கு நல்லது, கர்ப்பப்பைக்குப் பலம், மாதவிலக்கைச் சீராக்கும்' என்று ஒன்று விற்கப்படுகிறது. அது உண்மையாகவே அந்த வேலையைச் செய்தால், பெண் ஹார்மோன் நடமாடும் பாதையில்தான் கை வைக்கிறது என்று சந்தேகிக்க வேண்டியிருக்கிறது. வேலை செய்யவில்லை என்றால் காசு தண்டம். இ.ஆர். 8/8 உள்ள ஒருவருக்கு இரண்டில் எது நடந்தாலும் லாபமில்லை.

டாங் குவாய் பற்றித் தெரிந்ததைச் சொல்கிறேன். நம்மூரில் பேறுகாலம் முடிந்தவர்களுக்குக் காயம் என்கிற மருந்தைக் கிண்டிக் கொடுப்பதுபோல், சீனர்கள் வீட்டில் பெண்களுக்கு இந்த வேரைப் போட்டு சூப் வைப்பார்கள். மாதவிலக்குக் கோளாறுக்கு அவர்களுடைய முதல் மருந்து இது. சோதனைச் சாலையில் எம்.சி.எஃப்-7 என்ற புற்று செல்களின் மேல் இதன் சாற்றை விட்டபோது செல்கள் பெருகியிருக்கின்றன. (அந்த செல்களுக்கு ஒரு கதை உண்டு. 1970ல் அமெரிக்காவில் மிச்சிகனில் ஒரு கன்னியாஸ்திரியின் உடம்பிலிருந்து எடுத்தவை அவை. ஈஸ்ட்ரோஜன் ஏற்பி நிறைந்தவை. அந்தச் சகோதரி இறந்து அரை நூற்றாண்டுக்கு மேலாகிறது. உலகத்தில் மார்பகப் புற்று ஆராய்ச்சி நடக்கிற இடத்தில் எல்லாம் அவருடைய செல்கள் இன்னும் வளர்ந்துகொண்டிருக்கின்றன.) கிண்ணத்தில் நடப்பது உடம்பில் நடந்தே தீரும் என்று நான் சொல்ல மாட்டேன். 1997ல் வெளியான ஒரு சோதனையில் மாதவிலக்கு நின்ற 71 பெண்களில் ஒரு பாதிக்கு டாங் குவாயும் மறுபாதிக்கு மருந்தில்லாத வெறும் மாத்திரையும் 24 வாரம் கொடுத்துப் பார்த்தார்கள். கர்ப்பப்பையின் உள்சுவர் தடிக்கவில்லை. அதாவது ஈஸ்ட்ரோஜன் போல வெளிப்படையாக வேலை செய்யவில்லை. அதே சமயம் உடம்பு எரிச்சலும் குறையவில்லை, வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு இருந்த அதே அளவுதான். ஆக, கெடுதல் என்று நிரூபணம் ஆகவில்லை, எதற்காக அம்மா சாப்பிட நினைக்கிறாரோ அதற்குப் பலனும் இல்லை. ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவர்களுக்கு இது ரத்தக் கசிவைக் கூட்டும் என்பது மட்டும் நன்றாகத் தெரிந்த விஷயம்.

ஜின்செங் விஷயம் இன்னும் குழப்பம். பெயர் ஒன்று, வேர் இரண்டு. அமெரிக்க ஜின்செங் புற்றுநோயாளிகளின் களைப்பைக் கொஞ்சம் குறைக்கிறது என்று 364 பேரிடம் நடந்த ஒரு நல்ல சோதனை 2013ல் வந்தது. சீன, கொரிய ஜின்செங் வேறு செடி. கடைப் பாட்டிலில் எது, எவ்வளவு என்று யாருக்குத் தெரியும்? அதிமதுரம் நமக்கு அந்நியம் இல்லை. தொண்டை கட்டினால் ஒரு துண்டை வாயில் அடக்கிக்கொள்கிறவர்கள்தான் நாம். அதற்கு ஒன்றும் ஆகாது. ஆனால் தினமும் சாரமாக உள்ளே போனால் ரத்த அழுத்தம் ஏறும், பொட்டாசியம் இறங்கும். அதிலுள்ள சில பொருள்கள் ஈஸ்ட்ரோஜன் ஏற்பியில் போய் ஒட்டுகின்றன என்பதும் சோதனைச் சாலையில் பார்த்ததுதான்.

லேபிளில் இருப்பது இவ்வளவு. லேபிளில் இல்லாதது? எனக்கு இதுதான் பெரிய பயம். அமெரிக்காவில் பி.சி.-ஸ்பெஸ் என்ற பெயரில் எட்டு மூலிகை சேர்ந்த ஒரு சீனக் கலவையை ஆண்களின் புராஸ்டேட் புற்றுக்கு விற்றார்கள். பலருக்கு நன்றாகவே கேட்டது. டாக்டர்களே ஆச்சரியப்பட்டார்கள். பிறகு பரிசோதித்தால் உள்ளே செயற்கை ஈஸ்ட்ரோஜன், வார்ஃபரின், தூக்க மாத்திரை வகை ஒன்று. 2002ல் சந்தையிலிருந்து எடுத்தார்கள். புராஸ்டேட் புற்றுக்கு ஈஸ்ட்ரோஜன் எதிரி, அதனால் அந்த ஆண்களுக்குக் கேட்டது. அதே கலப்படம் உங்கள் அம்மாவின் பாட்டிலில் இருந்தால் நேர் தலைகீழ்.

பெல்ஜியத்தில் 1990களின் தொடக்கத்தில் நடந்தது இதைவிடக் கொடுமை. உடம்பு இளைக்கச் சீன மூலிகை சாப்பிட்ட நூறு பெண்களுக்குப் பக்கமாகச் சிறுநீரகம் பழுதானது. ஒரு மூலிகைக்குப் பதிலாகப் பெயர் ஒத்த இன்னொன்று மூட்டையில் வந்துவிட்டது. அதில் அரிஸ்டோலோக்கிக் அமிலம் இருந்தது. நம் கரிசல் காட்டில் முளைக்கிற ஆடுதின்னாப்பாளையும் அதே குடும்பம்தான், அதே அமிலம்தான். ஆடு அறிந்து வைத்திருக்கிறது.

இதையெல்லாம் வாசித்துவிட்டு, நான் மூலிகைக்கு எதிரி, இங்கிலீஷ் மருந்துக்கு வக்காலத்து என்று நினைக்க வேண்டாம். நம் திருநெல்வேலியின் பெயரே ஒரு மூலிகையின் மேல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. வயிறு இளக நாம் சாப்பிடுகிற நிலவாகை, உலக மருந்து நூல்களில் 'டின்னவெல்லி சென்னா'. சுடுகாட்டு ஓரத்தில் பூக்கிற நித்தியகல்யாணியிலிருந்துதான் வின்பிளாஸ்டின், வின்கிரிஸ்டின் என்ற கீமோ மருந்துகள். சீன வைத்தியத்திலிருந்து மலேரியாவுக்கு ஆர்ட்டிமிசினின் வந்தது, அதற்காகத் தூ யூயூ என்ற அம்மையார் 2015ல் நோபல் பரிசு வாங்கினார். ஒரு வகை ரத்தப் புற்றுக்கு ஆர்செனிக் டிரையாக்சைடு கொடுப்பதும் ஹார்பின் நகரத்து டாக்டர்கள் அவர்களுடைய பழைய மருந்திலிருந்து பிடித்ததுதான். இவை எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒன்று உண்டு: உள்ளே என்ன இருக்கிறது, எத்தனை மில்லிகிராம், யாருக்குக் கொடுக்கலாம், யாருக்கு ஆகாது என்று எழுதி வைத்திருக்கிறார்கள். மாமாவின் பாட்டிலில் அது இல்லை.

சீன வைத்தியர்கள் மார்பகப் புற்றை 'ரு யான்' என்பார்கள். மார்பில் வளர்ந்த பாறை என்று பொருள். ஈரலில் ஓட வேண்டிய சக்தி துக்கத்தாலும் கோபத்தாலும் தேங்கிப் பாறையாகிறது என்பது அவர்கள் கணக்கு. நாடி பிடித்து, நாக்கைப் பார்த்து, ஆளுக்கு ஆள் வேறு வேறு கஷாயம் எழுதுவார்கள். நம் சித்த வைத்தியர் நாடி பார்ப்பதுபோல. ஆகவே எல்லோருக்கும் ஒரே பாட்டில் என்பது அவர்கள் முறைப்படியும் வைத்தியம் இல்லை, வியாபாரம். இன்னொன்று, இங்கே விற்கிறவர்கள் சொல்லாதது: சீனாவிலும் தைவானிலும் பெரிய ஆஸ்பத்திரிகளில் இந்தக் கஷாயத்தை ஆபரேஷனுக்கும் கீமோவுக்கும் ஹார்மோன் மாத்திரைக்கும் பதிலாகக் கொடுப்பதில்லை. கூடவே கொடுக்கிறார்கள். தைவானில் அரசு காப்பீட்டிலேயே சீன வைத்தியமும் உண்டு. அந்தப் பெண்கள் ஒரு கையில் கஷாயமும் மறு கையில் டாமாக்சிஃபெனும் வைத்திருப்பவர்கள். என்ன கொடுத்தோம் என்பது இரண்டு தரப்புக்கும் தெரிந்து, பதிவேட்டில் ஏறி நடக்கிறது.

மாத்திரையை நிறுத்தினால் என்ன என்ற கேள்விக்கு வருகிறேன். ஈஸ்ட்ரோஜனுக்கும் இந்த நோய்க்கும் உள்ள உறவு நேற்றுக் கண்டுபிடித்தது இல்லை. 1896லேயே கிளாஸ்கோவில் ஜார்ஜ் பீட்சன் என்ற சர்ஜன், மாதவிலக்கு நிற்காத பெண்களின் சூலகத்தை எடுத்தால் மார்புக் கட்டி சுருங்குகிறது என்று எழுதினார். எல்லோருக்கும் சுருங்கவில்லை, ஏன் சிலருக்கு மட்டும் என்பது அறுபது வருடம் புரியாமலே கிடந்தது. சிகாகோவில் எல்வுட் ஜென்சன் கதிரியக்க அடையாளம் போட்ட ஈஸ்ட்ரோஜனைச் செலுத்தி, அது எங்கே போய்த் தங்குகிறது என்று தேடியபோதுதான் ஏற்பி அகப்பட்டது. டாமாக்சிஃபென் கதை இன்னும் வேடிக்கை. 1960களில் கருத்தடை மாத்திரையாகத்தான் செய்தார்கள். அந்த வேலைக்கு அது உதவவில்லை, புற்றுக்கு உதவியது. ஏற்பி உள்ளவர்கள் ஐந்து வருடம் அதைச் சாப்பிட்டால், 15 வருடக் கணக்கில் இந்த நோயால் இறப்பது மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. ஏற்பி இல்லாதவர்களுக்குப் பத்துப் பைசாப் பயன் இல்லை. மாதவிலக்கு நின்றவர்களுக்கு உங்கள் அம்மா சாப்பிடும் வகை மாத்திரை அதைவிடவும் ஒரு படி மேல். ஆயிரக்கணக்கான பெண்களை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்து போட்ட கணக்கு இது. இந்தப் பக்கம் பாட்டிலுக்குச் சாட்சி, 'எங்க கம்பெனியில ஒரு அம்மாவுக்குச் சரியாப் போச்சு.'

சிகிச்சையே வேண்டாம், மாற்று மருத்துவம் போதும் என்று போனவர்களை அமெரிக்காவில் கணக்கெடுத்து 2018ல் வெளியிட்டார்கள். மார்பகப் புற்றில் அப்படிப் போனவர்கள் இறக்கும் வாய்ப்பு, வழக்கமான சிகிச்சை எடுத்தவர்களைப்போல 5 மடங்குக்கும் மேல். உங்கள் அம்மா ஆபரேஷன், கீமோ முடித்தவர் என்பதால் அந்த எண் அப்படியே அவருக்குப் பொருந்தாது. ஆனால் பாதி வழியில் மாத்திரையை விடுகிறவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். நாலைந்து வருடம் கழித்து, நோய் எலும்புக்குப் பரவி, இடுப்பு எலும்பிலிருந்து எடுத்த துண்டு எங்கள் மேசைக்கு வரும். சாயம் ஏற்றினால் பழைய பழுப்பு நிறம்.

ஏன் விடுகிறார்கள்? அவர்களைச் சீன மருந்து மயக்கிவிடவில்லை. வலிதான் காரணம். அதைச் சொன்னால் 'வயசாச்சுல்லா, அப்படித்தான் இருக்கும்' என்று யாராவது வாயை அடைத்துவிடுவார்கள். உங்கள் அம்மாவுக்கு விரல்தான் சோறு. மடியில் தட்டை வைத்து, இலையில் தூளை நிரவி, கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் உருட்டி, நுனியை மடித்து, நூலைச் சுற்றி இழுக்கிற வேலையில், கட்டைவிரல் பாதியில் கொக்கி மாட்டினதுபோல் நின்றுவிட்டால் அன்றைய கூலி போச்சு. இந்த வகை மாத்திரையால் மூட்டு இறுகுவதும், விரல் மடங்கி நின்றுகொள்வதும், மணிக்கட்டில் நரம்பு அழுந்தி மரத்துப்போவதும் எல்லோருக்கும் தெரிந்த பக்கவிளைவுகள். கற்பனை இல்லை, வயசும் இல்லை.

இதற்குச் செய்யக்கூடியவை பல உண்டு. லெட்ரோசோல் ஒத்துக்கொள்ளாத சிலருக்கு அதே வகையில் அனஸ்ட்ரோசோல் அல்லது எக்ஸிமெஸ்டேன் ஒத்துக்கொள்கிறது. அதுவும் முடியவில்லை என்றால் டாமாக்சிஃபெனுக்கு மாற்றலாம். அது மூட்டை அவ்வளவு படுத்தாது. ஆனால் கால் ரத்தக்குழாயில் ரத்தம் உறைவது, கர்ப்பப்பை உள்சுவர் தடிப்பது என்று அதற்கு வேறு தொல்லைகள் உண்டு. அதனால் மாற்றுவதை டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும். வைட்டமின் டி பார்க்கச் சொல்லுங்கள், எலும்பு அடர்த்தி ஸ்கேன் எடுக்காவிட்டால் எடுக்கச் சொல்லுங்கள். லெட்ரோசோல் வகை மாத்திரை எலும்பைக் கரைக்கும். அப்புறம் நடை. இதே வகை மாத்திரையால் மூட்டு வலி வந்த 121 பெண்களிடம் ஒரு சோதனை நடந்தது. வாரத்துக்கு 150 நிமிட நடையும் இரண்டு நாள் எடை தூக்குகிற பயிற்சியும் ஒரு வருடம் செய்தவர்களுக்கு வலி ஏறத்தாழ 30 சதவீதம் குறைந்தது. வலிக்கிற உடம்பை நடக்கச் சொல்வது குரூரமாகப் படும். முதல் பத்து நாள் திட்டிக்கொண்டேதான் நடப்பார், நடக்கட்டும். பீடி சுற்ற உட்காரும் முன் வெந்நீரில் பத்து நிமிடம் விரலை வைத்து மெல்ல மடக்கி நீட்டினால் இறுக்கம் விடும். நல்லெண்ணெய் தேய்ப்பதற்கு எந்தத் தடையும் இல்லை.

சீன வைத்தியத்தில் உங்கள் அம்மாவுக்கு உண்மையிலேயே உதவக்கூடிய ஒன்றும் இருக்கிறது. அது பாட்டிலுக்குள் இல்லை, ஊசி முனையில் இருக்கிறது. இதே மூட்டு வலி உள்ள 226 பெண்களிடம் அமெரிக்காவில் அக்குபஞ்சர் சோதனை நடந்து 2018ல் வெளிவந்தது. சரியான இடத்தில் குத்தப்பட்டவர்களுக்கு, சும்மா பேருக்குக் குத்தப்பட்டவர்களைவிட வலி குறைந்தது. பத்துக்கு ஒரு மார்க் அளவுதான் வித்தியாசம், மலையைப் புரட்டவில்லை. ஆனால் இது வாமடைப் பக்கமே போவதில்லை, மாத்திரையோடு மோதுவதும் இல்லை. முறையாகப் படித்தவர், ஒரு தடவை பயன்படுத்தித் தூக்கி எறிகிற ஊசி, ஆபரேஷன் செய்த பக்கத்துக் கையில் குத்தாமல் இருப்பது, இந்த மூன்றும் இருந்தால் நான் தடுக்க மாட்டேன்.

சாப்பாடு பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனால் அடுத்த கேள்வி அதுவாகத்தான் இருக்கும். சோயாவில் ஈஸ்ட்ரோஜன் போன்ற பொருள் இருக்கிறது என்று எல்லோரும் பயந்துகொண்டிருந்தபோது, ஷாங்காயில் மார்பகப் புற்று வந்த 5,042 பெண்களைத் தொடர்ந்து பார்த்தார்கள். சோயா உணவு அதிகம் சாப்பிட்டவர்களுக்கு நோய் திரும்புவது குறைவாகவே இருந்தது. உணவாகச் சாப்பிடுவது வேறு, சாரம் பிழிந்து மாத்திரையாக விழுங்குவது வேறு. எங்கள் வீட்டுப் பக்கம் ஒரு பெரியம்மை, 'உளுந்து பொம்பளை உடம்புக்கு ஊட்டம், அப்போ எனக்கு ஆகாதுல்லா' என்று உளுந்தங்களியை ஒரு வருடம் தொடவே இல்லை. உளுந்தும் எள்ளும் சாப்பாடு, தாராளமாகச் சாப்பிடலாம். களியில் போடுகிற கருப்பட்டியைத்தான், சர்க்கரை இருந்தால், பார்த்துப் போட வேண்டும். மஞ்சளும் அப்படித்தான். குழம்பில் போடுகிற மஞ்சளால் ஒன்றும் இல்லை. ஆனால் மஞ்சள் சாரத்தை மிளகுச் சாரத்தோடு மாத்திரையாகச் சாப்பிட்டவர்களுக்கு டாமாக்சிஃபெனின் அளவு ரத்தத்தில் கொஞ்சம் குறைந்ததை நெதர்லாந்தில் அளந்து பார்த்திருக்கிறார்கள். நெட்டில் விற்கிற மஞ்சள் கேப்சூலை வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள்.

சித்த மருந்துக்கும் இதே அளவுகோல்தான். பாளையங்கோட்டையில் 1964லிருந்து அரசு சித்த மருத்துவக் கல்லூரி இருக்கிறது. போக வேண்டுமென்றால் அங்கே போங்கள். போய், "லெட்ரோசோல் சாப்பிடுகிறார், இ.ஆர். பாசிட்டிவ்" என்று முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். தண்ணீர்விட்டான் கிழங்கு லேகியம் மாதிரி 'பெண்களுக்கு' என்று பெயர் எடுத்த எதையும் தானாக வாங்கிச் சாப்பிட வேண்டாம். உலோகம், தாதுக்களைப் புடம் போட்டுச் செய்கிற பற்பம், செந்தூரம் என்றால் இரட்டிப்பு எச்சரிக்கை.

மாமாவிடம் சண்டைக்குப் போகாதீர்கள். தன் சம்பளக் காசில், அக்காவுக்கு என்று வாங்கி வந்திருக்கிறார். பாட்டிலைத் தூக்கிப் போடவும் வேண்டாம். அடுத்த தடவை டாக்டரைப் பார்க்கப் போகும்போது ரிப்போர்ட் ஃபைலோடு அதையும் பையில் போட்டுக்கொள்ளுங்கள். ஒரு துண்டுக் காகிதத்தில் காலையில் விரல் எத்தனை நேரம் மடங்கவில்லை, முன்பு எத்தனை பீடி சுற்றினார், இப்போது எத்தனை என்று எழுதிக் கொடுங்கள். 'வலிக்குது' என்று சொன்னால் கூட்டத்தில் அந்த டாக்டர் காதில் விழாமல் போகலாம். 'ஆயிரம் சுற்றினவர் முந்நூறு சுற்றுகிறார்' என்றால் நிமிர்ந்து பார்ப்பார். போவதற்கு முன் அம்மாவிடம் தனியாக ஒன்று கேளுங்கள்: பாட்டிலை ஏற்கெனவே திறந்தாயிற்றா, மாத்திரையை நடுவில் எத்தனை நாள் விட்டார். திறந்திருப்பார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. திட்டாதீர்கள், தேதியை மட்டும் அதே காகிதத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.